தவிட்டுக்கு வாங்கியது

சாம்பல் கோழி தவிட்டை மட்டும் விட்டுவைத்திருந்தது.

ஜெயப்பிரியா குனிந்து தட்டைக் கையில் எடுத்தாள். விடிந்ததும் கம்பும் அரிசி நொய்யும் தவிடும் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தது அவள்தான். கம்பு ஒரு மணிகூட மிச்சமில்லை. நொய்யும் இல்லை. தவிடு மட்டும் ஈரம் காயாமல், யாரோ விரலால் வழித்து ஒதுக்கிய மாதிரி, தட்டின் ஓரத்தில் சிறு குவியலாக இருந்தது. பிசைந்த தீனியிலிருந்து தவிட்டைத் தனியே பிரிக்க மனிதர்களுக்கே பொறுமை இருக்காது. சித்திரை வெயிலில் கோழிக்கும் வாய் கசக்கும் போல என்று சொல்லிக்கொண்டு, அதைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வெண்ணந்தூரை விட்டு இரண்டு மைல் தள்ளி, சோளத்தட்டு அறுத்துக் காய்ந்து கிடக்கும் காடுகளுக்கு நடுவில் தனியாக இருந்தது அவர்கள் வீடு. புருஷன் ரமேஷ்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் இரண்டு மாதம் ஆகிறது. மழை பிடித்தால்தான் திரும்புவான். வீட்டில் அவளும், வருகிற ஆனியில் மூன்று வயது முடியப்போகும் கயல்விழியும், ஒன்பது கோழிகளும்தான். கிழக்கே இரண்டு காடு தள்ளி மாரக்காள் வீட்டு விசைத்தறிகள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பழகிய காதுக்கு அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. கூப்பிடு தூரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம் மட்டும் அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

சாம்பல் கோழி அடைக்கு வந்திருந்தது. முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, உடம்பில் சூடேறி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, குஞ்சு பொரிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்தது. உட்காரவைக்க ஜெயப்பிரியாவுக்கு மனசில்லை. அடை இருபத்தொரு நாள், அப்புறம் குஞ்சுகளோடு அலைவது இரண்டு மாதம். அதுவரை முட்டை கிடையாது. கயலுக்கு வயதுக்கேற்ற எடை இல்லை, தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று அங்கன்வாடியில் சொன்னதிலிருந்து, அந்தக் கோழி இட்டதையெல்லாம் சூடு ஆறுவதற்குள் எடுத்து அவித்துப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டாள். பதிமூன்று முட்டை. கூடையில் இப்போது மணலும், இடிச் சத்தத்துக்கு முட்டை கெட்டுவிடக் கூடாதென்று போட்டிருந்த இரும்புத் துண்டும்தான் கிடந்தன. அந்த இரும்பின்மேல் கோழி உட்கார்ந்திருந்தது.

அடையைத் தெளியவைக்கத் தெரியாதவள் இல்லை அவள். கோழியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் மூன்று முறை முக்கினாள். மற்ற கோழிகள் இறக்கையை அடித்து, ஊரைக் கூட்டி, அவள் சேலையையும் நனைத்துவிடும். இது அசையவில்லை. தண்ணீருக்குள்ளும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தது. அப்புறம் அதன் இறக்கையிலேயே ஓர் இறகைப் பிடுங்கி, மூக்குத் துவாரத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கோத்துவிட்டாள். அதைத் தட்டிவிடுகிற வேலையில் கோழிக்கு அடை மறந்துபோகும், வழக்கமாகச் செய்வதுதான். இது காலைத் தூக்கி மூக்கைச் சொறியவே இல்லை. இரண்டு பக்கமும் நீண்ட இறகோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எரிச்சலில் அவள் அதன் காலில் கயிற்றைக் கட்டி, வேப்பமரத்தடியில் முளையடித்து விட்டாள். ஏழாம் நாளும் அது வெறும் மண்ணின்மேல் உட்கார்ந்திருந்தது.

எட்டாம் நாள் மாரக்காள் தயிர் வாங்க வந்தாள். நாற்பது வயதுக்காரி, சிரிக்காமல் ஒரு பேச்சு பேசமாட்டாள். மரத்தடியில் கோழிக்கு எதிரே குத்தவைத்திருந்த கயலைப் பார்த்ததும் அவளுக்கு வாய் நமநமவென்றது. அங்க என்ன உங்கம்மாகிட்டப் பேச்சா என்று கேட்டாள்.

கயல் திரும்பிப் பார்த்தது.

"உனக்குத் தெரியாதா சாமி? உன்னத் தவுட்டுக்கு வாங்குனோம். அந்தக் கோழிகிட்டத்தான்."

தவிட்டுக்கு வாங்கினோம் என்று கேலி செய்யாத வீடு இல்லை. கேட்டு அழாத பிள்ளையும் இல்லை. ஆனால் கயல் விஷயத்தில் அது முழுக்கக் கேலியும் இல்லை. அவளுக்கு முன்னால் ஜெயப்பிரியாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பிறந்து போயின. மூன்றாவதாவது தங்கவேண்டும் என்று, பதினாறாம் நாள் குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தார்கள். வேண்டாத பிள்ளை என்று தூக்கிப்போட்டுவிட வேண்டும். வேறொருத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிவர வேண்டும். அப்போதுதான் அது அடுத்தவள் பிள்ளையாகி, எமன் கண்ணுக்குத் தப்பும். எடுக்கவேண்டியவள் மாரக்காள். அன்று பார்த்து அவள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். என்ன செய்வதென்று எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது, குப்பையைச் சீய்த்துக்கொண்டிருந்த இந்தச் சாம்பல் கோழி, அன்றைக்கு அது இளம் பெட்டை, முறத்தின்மேல் ஏறிக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கோழியே எடுத்துக்கொண்டது, அதனிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜெயப்பிரியாவும் சிரித்தாள். தவிட்டைக் கோழி முன்னால் கொட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கயல் அழவில்லை. கோழியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது.

"தவுடு எங்க?" என்று கேட்டது.

மாரக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெயப்பிரியாவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை சமையல்கட்டு வாசற்படியில் ஒரு பிடி தவிடு இருந்தது.

எலி என்று நினைத்தாள். ஆனால் எலி சிந்தும், குவிக்காது. கூட்டித் தள்ளினாள். அடுத்த நாள் அது உள்ளே வந்திருந்தது. படுக்கிற அறையின் நிலைப்படியில், அதே அளவு, அதே கூம்பாக, தொட்டால் ஈரமாக. மாரக்காளின் விளையாட்டோ என்று ஒரு நொடி கோபம் வந்தது. விடியுமுன்னே இரண்டு காடு தாண்டி வந்து தாழ்ப்பாளைத் திறந்து தவிடு வைத்துவிட்டுப் போகும் அளவுக்கு அவளுக்கு என்ன வேலையில்லாமலா போயிற்று. கோழி கட்டிய இடத்தில்தான் இருந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தாள்; முளை ஆடவில்லை, முடிச்சு அவிழவில்லை. கயிறு எட்டுவது நான்கடி தூரம். பின்பு கோழியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். மூக்கில் கோத்த இறகின் அடியில், அலகோரத்தில், மஞ்சளாகத் தவிடு ஒட்டியிருந்தது. அவள் ஒரு வாரமாக அதற்குத் தவிடு வைக்கவே இல்லை.

அன்று மதியம் அவித்த முட்டையை உரித்து ஊட்டப்போனபோது கயல் வாயை இறுக மூடிக்கொண்டது. அது வெள்ளைக் கோழி இட்ட முட்டை. கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் கன்னத்தைப் பிடித்து வாயைத் திறக்கப் பார்த்தாள். பிள்ளை முட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, பாவாடையால் மூடியது.

"தம்பிம்மா" என்றது.

ஜெயப்பிரியா அதன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். பிள்ளை பாவாடையை இன்னும் இழுத்து மூடியது. முட்டையின் சூடு தொடையில் சுட்டபோதும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் தப்பாகவே தெரிந்தது. கயல் சோற்றைக் கையால் எடுப்பதை விட்டுவிட்டுத் தட்டில் குனிந்தது. படுத்துத் தூங்காமல், சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்து, தலையைத் தோளுக்குள் செருகிக்கொண்டு தூங்கியது. ஒருநாள் காலை களத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது மரத்தடியிலிருந்து கோழி 'கிர்ர்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. பருந்தைக் கண்டால் தாய்க்கோழி கொடுக்கிற சத்தம். களத்தில் மேய்ந்துகொண்டிருந்த மற்ற கோழிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. கயல் அப்படியே தரையோடு தரையாக விழுந்து, முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு அசையாமல் கிடந்தது. ஒரு நிழல் களத்தின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போயிற்று. அது போய் வெகுநேரம் கழித்து, கோழி 'கொக் கொக்' என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் பிள்ளை எழுந்தது.

ஜெயப்பிரியா ஓடிப்போய் அதைத் தூக்கினாள். நெஞ்சோடு அணைத்தபோது பிள்ளையின் உடம்பு கொதித்தது. காய்ச்சல் இல்லை, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். அடைக்கோழியின் வயிற்றடியில் கைவிட்டால் தெரியுமே, அந்தச் சூடு. இரண்டு பிள்ளைகளை எமனுக்குக் கொடுத்தவள் அவள். இதையும் விட்டுக்கொடுக்க முடியாது. யாருக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைக்கவே மனசு கூசியது. ஆனால் நினைத்தாள்.

போனில் ரமேஷ்குமார் பொறுமையாகக் கேட்டான். ரிக் ஓடும் இரைச்சலில் பாதி அவனுக்குக் கேட்டிருக்காது. அவ்வளவு பயமாயிருந்தால் அறுத்துக் குழம்பு வைத்துவிட வேண்டியதுதானே என்றான். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். அவளுக்கு அறுக்கக் கை வராது. மாரக்காளின் புருஷன் சின்னராஜ் அறுப்பான். ஆனால் தறி ஓடுகிற நாளில் அவனை வெளியே பார்க்க முடியாது. புதன்கிழமை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இருக்காது, மாதாந்திரப் பராமரிப்பு. அன்று பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை மாரக்காளைப் பார்த்தபோது ஜெயப்பிரியா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தக் கோழி தவுட்டத் தின்னுச்சா?"

மாரக்காள் சிரிக்க வாயைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"யாரு பாத்தா கண்ணு? எல்லாரும் கொழந்த பொறவால ஊட்டுக்குள்ளார வந்துட்டோம்."

புதன்கிழமை விடிந்தபோது தவிடு கயலின் தலையணையில் இருந்தது.

ஜெயப்பிரியா அதைத் தொடவில்லை. நேரே வெளியே போய்க் கோழியைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, கயிற்றை அறுத்து, அங்கேயே மரத்தடியில் மூங்கில் கொடாப்புக்குள் போட்டுக் கவிழ்த்தாள். கோழியும் குஞ்சுகளும் அடைகிற பெரிய கூடை அது. மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். உள்ளே கோழி இறக்கை அடிக்கவில்லை. மூங்கில் சந்து வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது. இன்னைக்குத் தீந்துச்சு உன் கதை என்று அவள் அதைப் பார்த்துச் சொன்னாள்.

பிள்ளையைக் குளிப்பாட்டினாள், பால் கொடுத்தாள், பாயில் படுக்கவைத்தாள். அது உட்காரப் பார்த்தது. தோளை அழுத்திப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தாள். தூங்கிவிட்டது. சன்னலைச் சாத்தினாள். அறைக் கதவை இழுத்து வெளியே தாழ்ப்பாள் போட்டாள். நேற்றைய துணிகளை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் வாசலும் தெரியும், கொடாப்பும் தெரியும்.

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன.

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. விடிந்ததிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இல்லை. காடு முழுக்க அமைதி. வேப்பங்காய் ஒன்று தகரத்தின்மேல் விழுந்தது கேட்டது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. வெயில் உச்சியை நோக்கி ஏற ஏற நிழல்கள் சுருங்கின. சோப்பு வாடைக்கு நடுவே எங்கிருந்தோ தவிட்டின் வாடை வந்தது, பழைய, லேசாகப் புளித்த வாடை.

பத்தரை இருக்கும்.

"கொக்... கொக்... கொக்..."

கொடாப்புக்குள்ளிருந்து. மெதுவாக. இரை கண்டால் தாய்க்கோழி குஞ்சைக் கூப்பிடுகிற குரல். உள்ளே இரை ஏது.

வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"கீ."

மிகச் சன்னமாக. ஒரே ஒரு தடவை. அப்புறம் கொலுசுச் சத்தம். மூன்று அடி. நான்கு அடி. நின்றது.

ஜெயப்பிரியா ஓடினாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. திறந்தாள். சன்னல் சாத்தியபடியே இருந்தது. இருட்டில் பாய் தெரிந்தது. பாயில் பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்து, முதுகில் கை வைத்தாள்.

கை உள்ளே போயிற்று.

தவிடு.

ஒரு பிள்ளை நீளத்துக்கு. தலை இருந்த இடத்தில் உருண்டையாக. மடக்கிய முழங்கால் இருந்த இடத்தில் மேடாக. ஈரமாக. வெதுவெதுப்பாக. ஒரு படி இருக்கும். சரியாக ஒரு படி.

கட்டிலுக்கடியில் பார்த்தாள். கதவிடுக்கில் பார்த்தாள். சமையல்கட்டில் பார்த்தாள். வெளியே வந்தாள். களம் காலி. மற்ற கோழிகள் ஒன்றையும் காணோம். மரத்தடியில் கொடாப்பு. அதன்மேல் குழவி. வைத்த இடத்தில். அசையாமல்.

உள்ளே கொலுசு சிணுங்கியது.

குழவியைத் தள்ளினாள். கொடாப்பின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

கோழி உட்கார்ந்திருந்தது. அதே கோழிதான், அதே அளவுதான், ஒரு கையில் தூக்கிவிடலாம். மூக்கில் இறகு. உடம்பைப் பரப்பி, இறக்கைகளைத் தாழ்த்தி, எதையோ மூடிக்கொண்டு. அவளைப் பார்த்தது. நெஞ்சு இறகு ஓரிடத்தில் அசைந்தது. விலகியது. தாயின் வயிற்றடியிலிருந்து குஞ்சு தலையை நீட்டுமே, அப்படி, உள்ளேயிருந்து ஒரு முகம் வந்தது. நெற்றியில் காலையில் அவள் வைத்த மைப்பொட்டு. கண்கள் அவள்மேல் விழுந்தன. நிற்கவில்லை. அந்நிய ஆளைப் பார்த்த கண்கள். முகம் உள்ளே இழுத்துக்கொண்டது. இறகு மூடியது.

"கயலு" என்றாள். "கயலு, அம்மா சாமி. வா."

கையை நீட்டினாள். கோழி கொத்தியது. அலகு விரல் எலும்புவரை இறங்கியது. பதறிக் கையை இழுத்ததில் கொடாப்பு மறுபடியும் கவிழ்ந்தது. தூக்கப் பார்த்தாள். வரவில்லை. ஒரு கையால் தூக்குகிற கூடை. இரண்டு கையாலும் வரவில்லை. அடிப்பக்கம் ஒரு சாண் சந்து மட்டும் திறந்திருந்தது, தீனி வைக்கிற சந்து.

தூரத்தில் சின்னராஜின் வண்டி வந்து நின்றது. "அம்மிணி, கோழி எங்க கட்டீருக்கீங்க? கத்தி கொண்டாந்துட்டேன்" என்று அவன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான்.

அவள் வீட்டுக்குள் ஓடினாள். பாயிலிருந்ததை முந்தானையில் அள்ளினாள். தலை, தோள், கால், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். ஓடிவந்து மரத்தடியில் விழுந்தாள். கொடாப்பின்மேல் குப்புறக் கவிழ்ந்து, யாரும் கிட்டே வராதபடி இரண்டு கையையும் சேலையையும் பரப்பி மூடிக்கொண்டு, சந்து வழியாக ஒரு பிடி தவிட்டை உள்ளே தள்ளினாள்.

"வாங்கிக்க" என்றாள். "தின்னு. என்ற பிள்ளையக் குடு. தின்னு சாமி."

தவிடு வெளியே வந்தது.

மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. பிடி பிடியாகத் தள்ளினாள். சின்னராஜ் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டான். அவள் காதில் விழவில்லை. அவள் அந்தச் சந்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, வெள்ளிக் கொலுசு போட்ட ஒரு குட்டிக் கால், குஞ்சு குப்பையைச் சீய்ப்பதுபோல, அவள் கொடுக்கக் கொடுக்கத் தவிட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.